கணிப்பொறிக்கு வாசல் வைத்தவர்

ஊர் நடுவே ஒரு பெரிய களஞ்சியம். உள்ளே மூட்டை மூட்டையாக நெல். ஆனால் அதற்குள் போகும் வழி இருவருக்கு மட்டுமே தெரியும் என்றால், அந்த நெல்லால் ஊருக்கு என்ன பயன்? பசித்தவன் அந்த இருவரின் தயவை நாடித்தான் நிற்க வேண்டும். கணிப்பொறியும் தோன்றிய காலம் முதல் பல ஆண்டுகள் இப்படிப்பட்ட களஞ்சியமாகவே இருந்தது. அதற்கு எல்லோரும் நுழையத்தக்க வாசல் ஒன்று வைக்க வேண்டும் என்று எண்ணி, எண்ணியதைச் செய்தும் காட்டிய கணிதப் பேராசிரியர் ஒருவரின் வரலாற்றையே இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் ஜார்ஜ் கெமெனி.

நம் ஆசிரியப் பெருமக்களில் பலர் தம் மாணவப் பருவத்தில் 'பேசிக்' என்னும் கணிப்பொறி மொழியைக் கற்றிருப்பார்கள். அம்மொழியை உருவாக்கிய இருவருள் ஒருவர் கெமெனி. ஆயினும் நான் அவரைத் தேடிப் படிக்க நேர்ந்த காரணம் வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் நடந்தது

எங்கள் புள்ளியியல் ஆய்வகத்தில் இருக்கும் கணிப்பொறிகளுள் ஒன்றுதான் வலிமை உடையது. மற்றவை வயதானவை. 'ஆர்' என்னும் புள்ளியியல் மென்பொருள் அந்த ஒன்றில் மட்டுமே தடையின்றி ஓடும். அதில் இருப்பது லினக்ஸ். கறுப்புத் திரையில் ஆணைகளைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். அவ்வாணைகளை அறிந்தவர்கள் எங்கள் வகுப்பில் நானும் இன்னொரு நண்பரும் மட்டுமே. செய்முறைத் தேர்வு நெருங்கும்போது வகுப்புத் தோழர்கள் தம் தரவுகளை எங்களிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் விடையை எடுத்துத் தரும் வரை பக்கத்தில் நிற்பார்கள்.

அது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அலுவலகங்களில் படிவம் எழுதித் தர ஆள் தேடி என் தந்தையார் நின்றதைப் பார்த்து வளர்ந்தவன். முதன்முதலாகப் பிறர் எனக்காகக் காத்து நிற்கும் நிலை வந்தபோது, அது எனக்கு இனித்தது.

இந்நிலையில் எங்கள் பேராசிரியர் என்னை அழைத்து, அந்தக் கணிப்பொறியில் 'ஆர்ஸ்டுடியோ சர்வர்' என்னும் மென்பொருளை நிறுவும்படி கூறினார். அதை நிறுவினால், ஆய்வகத்தின் எந்தப் பழைய கணிப்பொறியிலிருந்தும் சாதாரண இணைய உலாவியைத் திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அந்த ஒரு வலிய பொறியை எல்லோரும் பயன்படுத்தலாம். கறுப்புத் திரை வேண்டியதில்லை. எனவே என்னையும் நாட வேண்டியதில்லை! இந்த இரண்டாவது உண்மை உறைத்ததாலோ என்னவோ, நான் இரண்டு வாரங்கள் ஏதேதோ காரணம் சொல்லிக் காலம் கடத்தினேன். அந்த நாள்களில்தான், ஒரு பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை முதலில் நடைமுறையில் பெரிய அளவில் மாணவர்க்கு அளித்தவர் யார் என்று தேடப் புகுந்து, கெமெனியை அடைந்தேன்.

ஊர் விட்டு ஊர் வந்த சிறுவன்

கெமெனி 1926 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள், ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லரின் கை ஐரோப்பா எங்கும் நீளத் தொடங்கிய காலம் அது. வரவிருக்கும் ஆபத்தை உணர்ந்த தந்தையார் 1938 இல் தாம் மட்டும் அமெரிக்கா சென்றார். 1940 இல் குடும்பத்தினரையும் நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டார். பாட்டனார் மட்டும் ஊரை விட்டு வர மறுத்துவிட்டார். பின்னர் நாஜிகளின் படுகொலைக்கு அவரும், கெமெனியின் அத்தை மாமா முறையினரும் பலியாயினர். ஒரு கப்பல் பயணம் உயிருக்கும் சாவுக்கும் இடையே எல்லைக்கோடாக அமைந்த வாழ்க்கை அவருடையது.

பதின்மூன்று வயதில் புதிய நாடு, புதிய மொழி, புதிய பள்ளி. நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த அச்சிறுவன், சில ஆண்டுகளிலேயே அப்பள்ளியின் முதல் மாணவனாகத் தேறி வெளியேறினான். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூல்களுக்கு முன் திகைத்து நிற்கும் நம் போன்ற மாணவர்க்கு இச்செய்தி ஒன்றே போதிய ஊக்கம் தரும்.

பின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் தத்துவமும் பயின்றார். படிப்பின் இடையே அரசு அவரை அழைத்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டம் இரகசியமாக நடைபெற்றுவந்தது. அங்குக் கணக்கீட்டுப் பணியில் அவர் அமர்த்தப்பட்டார். அவருடைய தலைவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு ஃபைன்மன்.

இருபது பேரின் ஓராண்டு

லாஸ் அலமோஸில் இன்றுள்ளதைப் போன்ற கணிப்பொறி இல்லை. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கிடும் ஐ.பி.எம். இயந்திரங்களே இருந்தன. வணிக நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்குக்காகச் செய்யப்பட்டவை அவை. ஒரு கணக்கீடு முடிந்ததும் அட்டைகளை எடுத்து அடுத்த இயந்திரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வுக்கு இரவு பகலாக வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. இருபது பேர் ஓராண்டு முழுவதும் அங்கே செய்த வேலையை, பின்னாளில் தம் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில் செய்துவிட முடிந்ததைக் கெமெனி தம் நூலில் வியந்து குறிப்பிட்டுள்ளார். அந்த மாணவர் அவ்வாறு செய்துகொண்டிருக்கும் அதே வேளையில் வேறு பலரும் அதே பொறியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர் என்பதுதான் அதைவிடப் பெரிய வியப்பு.

லாஸ் அலமோஸில் இருந்தபோது ஜான் வான் நியூமன் ஆற்றிய சொற்பொழிவையும் கெமெனி கேட்டார். ஆணைகளையும் தரவுகளைப் போலவே நினைவகத்தில் இருத்தி இயங்கும் மின்னணுக் கணிப்பொறி பற்றிய பொழிவு அது. கேட்ட இளைஞரின் உள்ளத்தில் விதை விழுந்தது. அது முளைக்கப் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

போர் முடிந்தது. பிரின்ஸ்டனுக்குத் திரும்பி 1947 இல் பட்டமும், 1949 இல் தம் 23 ஆம் வயதில் முனைவர் பட்டமும் பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் புகழ்பெற்ற தருக்கவியலார் அலோன்சோ சர்ச். ஆலன் டூரிங்கும் அவருடைய மாணவரே. ஆய்வு மாணவராக இருந்த காலத்தில், மேதை ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகப் பணிபுரியும் பேறும் கெமெனிக்குக் கிட்டியது. இத்தகைய ஒருவர் எந்தப் பெரிய பல்கலைக்கழகத்திலும் இடம்பிடித்திருக்கலாம். ஆனால் 1953 இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்னும் சிற்றூரில் உள்ள டார்ட்மவுத் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். இரண்டே ஆண்டுகளில் கணிதத் துறைத் தலைவரானார். ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பின்னும் முதலாண்டு மாணவர்க்குப் பாடம் நடத்துவதைத் தம் முதற்கடமையாகக் கொண்டவர் அவர்.

ரயிலில் சென்ற அட்டைப் பெட்டி

1956 இல் தாமஸ் கர்ட்ஸ் என்னும் இளம் புள்ளியியலார் அத்துறையில் சேர்ந்தார். கெமெனியின் வாழ்க்கையைச் சொல்லும் எவரும் கர்ட்ஸை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் மறைந்த அவர், எங்கள் துறை அறிவைச் சேர்ந்தவர் என்பதில் புள்ளியியல் மாணவனாகிய எனக்குத் தனி மகிழ்ச்சி.

அப்போது டார்ட்மவுத்தில் கணிப்பொறி கிடையாது. பாஸ்டன் நகரை அடுத்த எம்.ஐ.டி. நிறுவனத்தில்தான் இருந்தது. கர்ட்ஸ் இரு வாரங்களுக்கு ஒருமுறை, தம்முடையதும் மற்றவர்களுடையதுமான துளையட்டைகளைப் பெட்டியில் நிறைத்துக்கொண்டு ரயிலேறுவார். அங்குள்ள பொறியில் அட்டைகளைக் கொடுத்து, விடை அச்சாகி வந்ததும் எடுத்துக்கொண்டு திரும்புவார். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தால்? பிழை இருக்கிறது என்னும் செய்தி மட்டுமே கிடைக்கும். திருத்திய அட்டையோடு மீண்டும் அடுத்த பயணம்.

1959 இல் எல்.ஜி.பி.-30 என்னும் சிறிய கணிப்பொறி ஒன்று கல்லூரிக்கு வந்தது. அதை மாணவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தனர். இளநிலை மாணவர்கள் சிலர் அதற்கென ஆல்கால் மொழியின் மொழிமாற்றி நிரல் ஒன்றையே எழுதி முடித்தனர். தேர்ந்த வல்லுநர்களுக்கே உரியது என்று கருதப்பட்ட வேலை அது. வாய்ப்பைக் கொடுத்தால் மாணவர் செய்வார்கள் என்பதைக் கெமெனி அன்று கண்டுகொண்டார். அந்த நம்பிக்கையை அவர் கடைசி வரை கைவிடவில்லை.

நூலகம் என்னும் உவமை

கணிப்பொறி அறிவு யாருக்கு வேண்டும்? கணிதம், அறிவியல் பயில்வோர்க்கு மட்டும் என்றே அன்று எல்லோரும் எண்ணினர். டார்ட்மவுத் மாணவரில் பெரும்பாலோர் பயின்றவையோ இலக்கியம், வரலாறு, சமூகவியல் போன்றவை. நாளை நாட்டிலும் தொழிலிலும் முடிவெடுக்கும் இடங்களில் அமரப்போகிறவர்கள் அவர்களே. தமக்குத் தெரியாத ஒரு பொறியைப் பற்றி அவர்கள் எப்படி முடிவெடுப்பார்கள்? எனவே கல்லூரியின் ஒவ்வொரு மாணவரும் கணிப்பொறியைத் தொட்டுப் பழக வேண்டும் என்று கெமெனியும் கர்ட்ஸும் கருதினர்.

இதற்கு அவர்கள் கொண்ட உவமை நூலகம். டார்ட்மவுத் நூலகத்தில் மாணவர் யாரும் அலமாரிகளுக்கு இடையே சென்று விரும்பிய நூலை எடுக்கலாம். எதற்காக இந்த நூல் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு நூலுக்கு இவ்வளவு என்று கட்டணமும் இல்லை. கணிப்பொறியும் அவ்வாறே இருக்க வேண்டும். அனுமதிச் சீட்டு, ஆசிரியர் கையொப்பம், கட்டணம் எதுவும் கூடாது. எளிய எண்ணம்தான். ஆனால் விலைமதிப்பற்றது என்று பொறியைப் பூட்டி வைத்து, அதன் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கெழுதிய காலத்தில் அது துணிச்சலான எண்ணம்.

ஆயிரக்கணக்கான மாணவர், பொறியோ ஒன்று. எப்படி இயலும்? எம்.ஐ.டி.யில் இருந்த ஜான் மெக்கார்த்தி என்பவர் கர்ட்ஸிடம் ஒரு வழி கூறினார். அவர் முன்பு டார்ட்மவுத்திலும் பணிபுரிந்தவர். அவர் சொன்ன வழிக்கு நேரப் பகிர்வு என்று பெயர். மனிதன் ஒரு வரியைத் தட்டி முடிப்பதற்குள் பொறி பல வேலைகளை முடித்துவிடும். ஆகவே பொறியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒருவர் பின் ஒருவராக எல்லோர்க்கும் வழங்கினால், ஒவ்வொருவரும் பொறி தமக்கே உரியது என்று உணர்வார்கள். கிராமத்துக் கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது போன்ற ஏற்பாடு. ஆனால் இங்கே முறை நொடிக்கணக்கில் மாறும்.

இரண்டு பொறிகள்

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பொருளுதவி கேட்டனர். இவ்வளவு பெரிய மென்பொருளைப் பட்டம்கூடப் பெறாத மாணவர்களைக் கொண்டு எழுதப்போகிறோம் என்றதும், விண்ணப்பத்தை ஆராய்ந்தவர்கள் ஐயம் தெரிவித்தனர். ஆயினும் உதவி கிடைத்தது. 1964 பிப்ரவரியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறிகள் வந்து சேர்ந்தன.

வந்தவை இரண்டு. ஒன்று ஜி.இ.-225 என்னும் கணக்கிடும் பொறி. மற்றொன்று டேட்டாநெட்-30 என்னும் தொடர்புப் பொறி. இவ்விரண்டுக்கும் இடையே வேலையைப் பங்கிட்ட விதத்தில்தான் முழு நுட்பமும் இருக்கிறது. மாணவர் முன் இருந்தது டெலிடைப் என்னும் தட்டச்சு இயந்திரம். அது ஒரு நொடிக்குப் பத்து எழுத்துகளை அச்சடிக்கும். எல்லா டெலிடைப்களின் கம்பிகளும் டேட்டாநெட்டுக்கு வந்தன. யார் என்ன தட்டினாலும் வாங்கிக்கொள்வதும், யாருக்கு எப்போது முறை என்று வரிசைப்படுத்துவதும், விடையை உரியவரிடம் சேர்ப்பதும் அதன் வேலை. பின்னால் நின்ற பெரிய பொறி, கொடுத்த கணக்கைப் போட்டுத் தருவதோடு சரி. பெரியதை ஆட்டி வைத்தது சிறியதே! கோயிலில் கருவறைத் தெய்வம் பெரிதுதான். ஆனால் பக்தரை வரவேற்று வரிசையில் நிறுத்தி அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொள்ள வாயிலில் ஓர் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்த வாயில் ஆளின் வேலையை டேட்டாநெட் செய்தது.

எங்கள் ஆய்வகத்தில் நான் நிறுவ வேண்டியிருந்ததும் இதேதான். 'ஆர்' என்பது பின்னால் நிற்கும் கணக்குப் பொறி. உலாவியில் தெரியும் பக்கம் அதன் வாயில். பெயர்களும் கருவிகளும் அறுபது ஆண்டுகளில் மாறிவிட்டன, அமைப்பு மாறவில்லை.

விடியற்காலை நான்கு மணி

இரு பொறிகளுக்குமான இயக்க மென்பொருளை எழுதியவர்கள் மைக் புஷ், ஜான் மெக்கீச்சி என்னும் இரு மாணவர்கள். பொறிகள் வந்து சேருமுன்பே, 1963 இன் பிற்பகுதியிலேயே அவர்கள் தாளில் எழுதத் தொடங்கிவிட்டனர். புதிய மொழிக்கான மொழிமாற்றி நிரலைக் கெமெனி தாமே எழுதலானார். துறைத்தலைவர் ஒருவர் இருபது வயது மாணவரோடு இரவெல்லாம் அமர்ந்து பிழை தேடிய காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

1964 ஆம் ஆண்டு மே முதல் நாள், விடியற்காலை நான்கு மணி. கெமெனி ஒரு டெலிடைப்பிலும் மெக்கீச்சி மற்றொன்றிலுமாக அமர்ந்து, ஒரே நேரத்தில் தத்தம் நிரலை ஓட்டினர். இருவருக்கும் சரியான விடை வந்தது. பேசிக் மொழியும் டார்ட்மவுத் நேரப் பகிர்வு அமைப்பும் ஒன்றாகப் பிறந்த பொழுது அது.

தொடக்க நிலையினர்க்கு ஏற்ற பல்பயன் மொழி என்பதே பேசிக் என்னும் சுருக்கப் பெயரின் கருத்து. ஃபோர்ட்ரான் போன்ற அன்றைய மொழிகளில், எழுதும் முறையில் சிறு பிறழ்ச்சி நேர்ந்தாலும் வேலை நின்றுவிடும். பேசிக்கில் முதலில் இருந்த ஆணைகள் ஏறத்தாழ பதினைந்தே. அச்சிடு, படி, இது உண்மையானால் அங்கே போ என்பன போன்ற எளிய ஆங்கிலச் சொற்கள் அவை. பொறியிடம் நுழைவதற்குத் தட்ட வேண்டிய சொல் 'ஹலோ'. உடனே அது பயனாளரின் எண்ணைக் கேட்கும். நிரலை ஓட்ட 'ரன்', சேமிக்க 'சேவ்', பழையதை எடுக்க 'ஓல்டு'. இரண்டொரு மணி நேர வகுப்பில் கற்றுக்கொண்டு எந்த மாணவரும் தம் முதல் நிரலை எழுதிவிடலாம்.

சில ஆண்டுகளுக்குள் அக்கல்லூரியின் பெரும்பாலான மாணவர்கள் கணிப்பொறியைப் பயன்படுத்தலாயினர். 1966 இறுதியில் கீவிட் கணிப்பு மையம் என்னும் தனிக் கட்டடமே எழுந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக வெளியூர் உயர்நிலைப் பள்ளிகளும் இணைந்தன. பேசிக் மொழிக்குக் கெமெனியும் கர்ட்ஸும் விலை வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். 1970 களின் நடுவில் வீட்டுக் கணிப்பொறிகள் வந்தபோது, அவற்றுள் பலவற்றின் முதல் மொழியாகப் பேசிக் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் போனால் கட்டுரை முழுமை பெறாது. எல்லா மாணவர்க்கும் என்று கூறினோமே, அந்த எல்லாருள் பெண்கள் இல்லை. டார்ட்மவுத் அன்று ஆண்கள் மட்டுமே பட்டம் பயிலும் கல்லூரி. பொறிக்கு வாசல் வைத்த கல்லூரி, தன் வாசலில் பாதி மக்களைத் தடுத்தே வைத்திருந்தது.

1970 இல் கெமெனி அக்கல்லூரியின் தலைவரானார். அவர் தலைமையில் 1972 முதல் பெண்கள் அங்கே பட்ட வகுப்பில் சேர்ந்தனர். பழைய மாணவர் பலரின் எதிர்ப்பு இருந்தும் அது நடந்தது. 1769 இல் அக்கல்லூரி தொடங்கியபோது அமெரிக்கப் பழங்குடியினரின் கல்வியும் அதன் நோக்கமாக அறிவிக்கப்பட்டது. இரு நூற்றாண்டுகளில் அது பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டது. அம்மாணவர்களைத் தேடிச் சேர்க்கும் முயற்சியைக் கெமெனி புதுப்பித்தார். தலைவராக இருந்த ஆண்டுகளிலும் அவர் வகுப்பெடுப்பதை நிறுத்தவில்லை.

1972 இல் வெளியான மனிதனும் கணிப்பொறியும் என்னும் அவருடைய நூலில், ஒருநாள் வீட்டுக்கு வீடு கணிப்பு முனையம் இருக்கும், நாடு முழுவதும் கணிப்பொறிப் பிணையங்கள் பரவும் என்று எழுதினார். இன்று நம் சட்டைப் பைக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது அவர் கணிப்புப் பெரிதும் பலித்துவிட்டது எனலாம்.

பொய் சொன்ன விளக்கு

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று மைல் தீவு அணு மின்நிலையத்தில் பெரும் விபத்து நேர்ந்தது. அதை ஆராய அதிபர் கார்ட்டர் பன்னிருவர் கொண்ட குழுவை அமைத்துக் கெமெனியைத் தலைவராக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை வெளிவந்தது.

அவ்விபத்தில் நடந்த ஒன்றை நான் இங்கே விளக்க வேண்டும். உலையின் அழுத்தம் குறைக்கத் திறந்த ஒரு வால்வு, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கோ, வால்வு மூடிவிட்டது என்று பணியாளர் எண்ணும்படி காட்டியது. உண்மையில் அவ்விளக்கு, மூடுவதற்கான மின் ஆணை சென்றதை மட்டுமே தெரிவிக்கும். வால்வு மூடிக்கொண்டதா என்பதைத் தெரிவிக்காது. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் ஒலித்தன. எதை நம்புவது, எதை விடுவது? இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. பணியாளர் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்காமல், அவர்களுக்கு அளித்த பயிற்சி, கட்டுப்பாட்டு அறையின் அமைப்பு, நிர்வாகம், கண்காணித்த அரசு அமைப்பு எல்லாவற்றிலும் குறை இருந்ததைக் குழு எடுத்துக்காட்டியது.

பொறிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள வாயில், பொறியின் உண்மை நிலையை மனிதனுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதினைந்தாண்டு முன்பு ஹலோ என்ற சொல்லில் கெமெனி தொடங்கிய வேலையின் மறுபக்கத்தையே இந்த விபத்தில் நான் காண்கிறேன்.

1981 இல் தலைவர் பதவியை விட்டு மீண்டும் கணித வகுப்பறைக்கே சென்றார். பேசிக் மொழியைப் பலர் பலவாறு சிதைத்துவிட்டதை எண்ணி வருந்தி, கர்ட்ஸோடு சேர்ந்து 'ட்ரூ பேசிக்' என்னும் செம்மையான வடிவத்தையும் உருவாக்கினார். 1992 டிசம்பர் 26 அன்று, 66 ஆம் வயதில் காலமானார்.

நான் கற்றது

கெமெனியின் வரலாற்றைப் படித்து முடித்த அன்று எனக்கு என் மீதே வெட்கம் வந்தது. அகதியாக வந்த ஒருவர், ஐன்ஸ்டைனிடம் பணிசெய்த அறிவாளி, தம் பொறியை இலக்கிய மாணவனுக்கும் திறந்துவிட இரவெல்லாம் விழித்திருக்கிறார். நானோ பத்து ஆணைகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அவற்றை வைத்துத் தோழர்களைக் காக்க வைத்துக்கொண்டிருந்தேன். படிவம் எழுதித் தருபவரின் முன் என் தந்தையார் நின்ற நிலைக்கும், என் முன் அவர்கள் நின்ற நிலைக்கும் என்ன வேறுபாடு?

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். நிறுவியதும் பக்கம் அந்தப் பொறியில் திறந்தது. பிற கணிப்பொறிகளில் திறக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் தேடிய பின்பே, பொறியின் பாதுகாப்புத் தடுப்பில் 8787 என்னும் இணைப்பு எண் திறக்கப்படாமல் இருந்ததைக் கண்டேன். வாசல் வைத்தேன், தாழ்ப்பாளை எடுக்க மறந்தேன்! அடுத்து, சோம்பலால் எல்லோர்க்கும் ஒரே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். ஒருவர் நுழைந்ததும் முன்னவர் துண்டிக்கப்பட்டார். ஹலோ என்றதும் டார்ட்மவுத் பொறி ஏன் பயனாளர் எண்ணைக் கேட்டது என்பது அப்போது விளங்கிற்று. ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அமைத்தேன். பின், பெரிய தரவுகளைப் பலர் ஒரே நேரத்தில் ஏற்றியதால் நினைவகம் நிரம்பிப் பொறியே நின்றது. யார் எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு வைத்த பிறகு ஒழுங்காயிற்று.

இப்போது செய்முறை வகுப்பில் என் பக்கத்தில் யாரும் வந்து நிற்பதில்லை. கடைசிப் பேருந்துக்காக நான்கு மணிக்கே கிளம்பிவிடும் தோழி ஒருத்தி, முன்பெல்லாம் தன் முறை வராமலேயே போய்விடுவாள். இன்று முதல் ஆளாகத் தன் பகுப்பாய்வை முடித்துவிட்டு, நான் அறியாத ஒரு வரைபட முறையை எனக்கே சொல்லிக்கொடுத்தாள். களஞ்சியத்தின் சாவியைக் கையில் வைத்திருந்தபோது கிடைத்த பெருமையைவிட அன்று நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

நண்பர்களே! நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நாளை ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு பொறியின் முன் நாம் அமர்வோம். நமக்கு எதிரே நம் பெற்றோரைப் போன்றவர்கள் வந்து நிற்பார்கள். அன்று கெமெனியை நினைத்துக்கொள்வோம். நாம் நுழைந்த வாசலை நமக்குப் பின் சாத்திவிடாமல், அதை இன்னும் சற்று அகலமாக்கிவிட்டுச் செல்வோம்.